வீட்டு வண்டிக்கு மிச்சம்

கஸ்டமர் பிரசன்னாவின் புதுக் காருக்கு ஆயில் மாற்றி முடித்துவிட்டு, டப்பாவில் தங்கிய கொஞ்சத்தை வழக்கம்போல் மூலையிலிருந்த கேனில் ஊற்றியபோதுதான் அசாருக்குச் சுரீரென்றது. ஆயில் தண்ணீர் மாதிரி சளசளவென்று ஓடியது.

இரும்புலியூரில் அவன் ஒர்க்‌ஷாப் வைத்த நாளிலிருந்து அந்தக் கேன் உண்டு. கஸ்டமர் வண்டிக்கு ஊற்றியதுபோக மிஞ்சுவதெல்லாம் அதில் சேரும். நிறைந்ததும் வீட்டு வண்டிக்குப் போகும். சொந்த வண்டிக்கென்று கடைக்குப் போய் ஆயில் வாங்குகிற மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறான்? முன்பெல்லாம் வந்தவை பழைய வண்டிகள், மிஞ்சியது கெட்டி ஆயில். ஒரு குறையும் வரவில்லை. இப்போது வாசலில் நிற்பவை எல்லாம் புது எஞ்சின்கள். அவற்றுக்குள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான்; ஜீரோ ட்வென்ட்டி என்கிற மெல்லிய ஆயில்தான் அதில் நுழையும். வீட்டு வண்டியோ இருபது வயதைத் தாண்டிய கிழம். உள்ளே தேய்ந்து அகன்றுபோன அதற்கு ட்வென்ட்டி ஃபிஃப்ட்டி என்கிற கெட்டி ஆயில் இருந்தால்தான் தாங்கும். கஸ்டமருக்கு இதையெல்லாம் மணிக்கணக்கில் விளக்குகிற மகராசன், நேற்று அதே கேனைத் தூக்கி வீட்டு வண்டியில் கவிழ்த்திருந்தான்.

அந்த வண்டியில்தான் சற்றுமுன் அவன் மனைவி ஷபீனா, பையன் அய்மானை ஏற்றிக்கொண்டு கோவளத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். லைசென்ஸ் வாங்கியபின் அவள் தனியாகப் போகும் முதல் தூரப் பயணம்.

போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவனே அவன்தான். அவள் அதைக் கைப்பையில் போட்டு பின்சீட்டில் வைத்திருப்பாள்.

"அண்ணா, வண்டி ரெடியா?" என்றான் பிரசன்னா.

"ரெடி சார். எடுத்துகினு போங்க, அப்பால பேசிக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே அசார் பைக்கை உதைத்தான்.

வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தபோது சித்திரை வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. இந்தச் சூட்டில் அந்த ஆயில் இன்னும் இளகும். பேரிங் காயும். எஞ்சின் இறுகிச் சட்டென்று பூட்டிக்கொள்ளும். அப்போது கிளட்ச்சை மிதித்தால்தான் சக்கரம் உருளும், வண்டியை ஓரம் கட்டலாம். அதை அவளுக்கு அவன் சொல்லித் தரவே இல்லை. ரிவர்ஸ் எடுப்பதற்கே நாலு நாள் கத்தினவன், இதைச் சொல்லவில்லை. டிப்பர் லாரிகள் மண்ணை இறைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. யா அல்லாஹ், வண்டி போனால் போகட்டும், ரெண்டு பேரையும் விட்டுவிடு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனான்.

கண்டிகை தாண்டியதும் கூட்டம் தெரிந்தது.

ஒரு டிப்பர் சாலையில் குறுக்காக நின்றிருந்தது. அதன் மூக்குக்குக் கீழே, டிக்கி நசுங்கி, அவனுடைய வெள்ளைக் கார். பைக்கை எங்கே போட்டான், எப்படி ஓடினான் என்பது அவனுக்கே தெரியாது.

"அத்தா!"

கரும்பு ஜூஸ் கடை பெஞ்சிலிருந்து அய்மான் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான். அசார் அவன் தலையை, கையை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தான். கீறல் இல்லை. அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

"நடு ரோட்ல டபால்னு நிறுத்திட்டாங்க சார்," என்று லாரி டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். "நான் மட்டும் பிரேக் போடலன்னா இன்னா ஆயிருக்கும்? ஓட்டத் தெரியாதவங்க கைல ஏன் வண்டியக் குடுக்குறீங்க?"

ஷபீனா பெஞ்சை விட்டு எழவில்லை. முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரியலீங்க, வண்டி தானா நின்னுபோச்சு," என்றாள். "நீங்க சொன்ன மாதிரிதான் வந்தேன். மீட்டர்ல செவப்பு வெளக்கு எரிஞ்சா நிறுத்துன்னு சொன்னீங்க இல்ல? ரோட்டையும் பாத்து அதையும் பாத்துகினுதான் வந்தேன். அது எரியவே இல்லீங்க."

எரியாது. ஆயில் பிரஷர் குறைந்தால் எரிகிற விளக்கு அது. கிழட்டு எஞ்சினில் சும்மா சும்மா மினுக்கிப் பேஜார் பண்ணுகிறது என்று போன மழைக்காலத்தில் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தான். அவளிடம் சொல்ல மறந்துபோயிருந்தான்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. லேடீஸ் டிரைவிங் என்று கூட்டமே தீர்ப்பு எழுதிவிட்டது. அசார் லாரியைப் பார்த்தபோது பயந்ததைவிட இப்போதுதான் அதிகம் பயந்தான்.

"உன் மேல தப்பு இல்ல ஷபீ," என்றான். "நேத்து தப்பான ஆயில ஊத்திட்டேன். நீ கெளம்பினப்புறந்தான் தெரிஞ்சுது."

"அப்ப வெளக்கு?"

"ஒயர நான்தான் கழட்டினேன்."

"எப்போ?"

"போன மழைல."

ஷபீனா கத்துவாள் என்று நினைத்தான்; கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் எழுந்து வந்து, அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்த அய்மானின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.