ஊசிக்கு இல்லாத நிதி

கொரட்டூர் வடிவு நான்காம் முறையாக ரயிலேறி மில்லுக்கு வந்திருந்தாள். அங்கே இயந்திரத்தில் சிக்கி அவள் கணவன் திருவேங்கடத்தின் கால் நசுங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. தொழிலாளர் வைத்திய நிதி ஆபரேஷனுக்கு மட்டும் பணம் கொடுத்தது. எக்ஸ்ரேவுக்கும் ஊசிக்கும் கொடுக்கவில்லை.

"ஊசிக்குக் குடுக்க விதி இல்லம்மா," என்றார் குமாஸ்தா, தலை நிமிராமலே.

"காலை அறுத்தா குடுப்பீங்க, சீழ் புடிக்காம ஊசி போட்டா குடுக்க மாட்டீங்களா? இன்னா விதி சாமி அது?"

"மனு எழுதிக் குடு, மேலே அனுப்பறேன்."

"மூணு தபா குட்த்தாச்சே!"

அவர் இழுப்பறையைத் திறந்தார். மூன்று மனுக்களும் அங்கேயே கிடந்தன. வடிவு அவற்றைப் பிடுங்கிக்கொண்டு நேராக வெள்ளைக்கார மானேஜர் துரையின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். துரை மனுக்களைப் புரட்டினார், ஊசிக்குக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வடிவின் பின்னாலேயே ஓடிவந்திருந்த குமாஸ்தா அதைத் தமிழில் சொன்னார்: "எக்ஸ்ரே பில்லுக்கு அறுபது நாள் கெடு. அது தாண்டிப்போச்சாம்."

"ஒங்க மேசையிலதானே தாண்டிச்சு! அதையும் தொரைகிட்ட சொல்லுங்க!"

குமாஸ்தா அதைத் துரையிடம் சொல்லாமலே அவளை வெளியே அழைத்துப் போனார்.

மறுநாள் வடிவு இரண்டு ஆடுகளை விற்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பணத்தைக் கட்டினாள். ரசீதை வெடுக்கென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.