இரண்டரை நிமிடம்

"கவனக்குறைவு" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் போட வேண்டும் என்று வீரசிங்கத்துக்குத் தெரியும். தெரிந்தும், பேனாவை மைக்கூட்டில் மூன்றாவது தடவையாகத் தோய்த்துவிட்டு எழுதாமல் இருந்தான். உள்ளே கூடத்தில் அண்ணன் சிவசம்புவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

"எழுது தம்பி," என்றார் அப்பாத்துரையர். "நாகையா எண்ட டிரசர் சோதிக்காமல் பல்லைப் பிடுங்கிப்போட்டான் எண்டு எழுது. சனமெல்லாம் இஞ்ச நிக்கேக்கையே கையெழுத்து வாங்கிப்போடுவம். நாளைக்குக் காலமை பெரிய டொக்டரின்ர மேசையிலை கிடக்கோணும்."

அப்பாத்துரையர் ரயில்வேயில் தலைமைக் கிளார்க். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் யாழ்ப்பாணத்தார் வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பெட்டிஷன் எழுதினால் உலகத்தில் எதுவும் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். சாவு வீட்டிலும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"சோதிக்காமல் எண்டு எழுதலாமோ?" என்றான் வீரசிங்கம்.

"பின்னை? சோதிச்சவன் இப்பிடிச் சாகப் பிடுங்குவானோ?"

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. ரப்பர் விலை விழுந்து, அரசாங்கத்தில் எங்கும் ஆட்குறைப்பு. யார் பெயரை வெட்டலாம் என்று ஆசுபத்திரியில் பட்டியலோடு காத்திருந்தார்கள். இப்படி ஒரு கடிதம் போனால், மருந்து கட்டும் உதவியாளனான நாகையா பெண்டாட்டியையும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏறி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பிறந்ததிலிருந்து கிள்ளானைத் தாண்டாத பிள்ளைகள். வீரசிங்கம் அதே ஆசுபத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் லாபில் வேலை செய்கிறவன், அவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சிவசம்பு சரக்கு ரயில் கிளார்க். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் உலு கோம்பாக் காட்டுக்குள் போய்விடுவார். பாறையிலும் மரப்பட்டையிலும், ஏன், உயிருள்ள இலையின் மேலும்கூட ஒட்டி வளரும் ஒரு பாசியினத்தைத் தேடித்தான். ஈரல் மாதிரி மடல் விரித்துக் கிடப்பது ஒரு வகை, கண்ணுக்குத் தெரியாத இலைகளை இரு வரிசையாக அடுக்கிக்கொண்டு ஊர்வது இன்னொரு வகை. சுரண்டி எடுத்து, பழைய ரயில்வே படிவத் தாள்களை மடித்து உறை செய்து, இடமும் நாளும் எழுதி வைப்பார். வீட்டில் துணி வைக்க இடமில்லை, எல்லா அலுமாரியிலும் உறைகள். உறவுக்காரர்கள் அவரைப் பாசிச் சம்பு என்றார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

"மேலாலை பாத்தால் எல்லாம் ஒண்டு மாதிரித்தான் இருக்கும்," என்பார். "திருப்பி அடிப்பக்கம் பாக்கோணும். கீழை மூண்டாவது வரிசை இலை இருக்கோ, இலை எந்தப் பக்கம் ஒண்டின்மேலை ஒண்டு படுத்திருக்கு, ஓரத்திலை தண்ணிப் பை இருக்கோ. பாக்காமல் பேர் எழுதினால் அது பொய்."

ஒரு உறைக்குப் பெயர் எழுத அவருக்கு ஒரு மாதம் ஆகும். ஆறு வருஷம் பெயர் இல்லாமல் கிடந்த உறைகளும் உண்டு.

போன மாதம் சாப்பிடும்போது காற்சட்டையை உயர்த்திக் காலைக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். அட்டை கடித்த இடம் காலையிலிருந்து மாலை வரை நிற்காமல் ஓடியதாம். "அட்டை கடிச்சால் அப்பிடித்தான் அண்ணை," என்று சொன்னவன் வீரசிங்கமேதான். சோற்றிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

பிறகு கடைவாய்ப் பல் வலி. பல் அறையில் நாகையா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறான். ஈறு கசிந்திருக்கிறது. பல் பிடுங்கும் குறட்டை அவன் எடுக்கவில்லை. இரத்தம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதி வாங்கிவரச் சொல்லி, ஒரு துண்டுத் தாளோடு லாபுக்கு அனுப்பிவிட்டான். அப்படி அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பெரிய பரிசோதனை ஒன்றும் இல்லை. காது மடலில் ஊசியால் ஒரு குத்து. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மையொற்றுத் தாளால் ஒற்ற வேண்டும். இரத்தத்தில் பிளேட்லெட் என்று மிகச் சின்னத் துணுக்குகள் மிதக்கின்றன. எங்கே கிழிந்தாலும் முதலில் வந்து அந்த விளிம்பில் ஒட்டிக்கொள்வது அவைதான். பின்னால் வருவது முன்னால் வந்ததோடு ஒட்டும், ஓட்டை அடைபடும், அதன்மேல் நார் பின்னி இரத்தம் உறையும். தாளில் புள்ளிகள் சிறுத்துக்கொண்டே வந்து ஐந்தாறாவதில் நின்றுவிட்டால் ஆள் நல்ல ஆள். துணுக்குகள் குறைந்தவனுக்குப் புள்ளி சிறுக்காது.

அண்ணன் லாபுக்குள் நுழைந்தபோது வெள்ளைக் காற்சட்டையின் முழங்கால் இரண்டும் பச்சைச் சேறு. வரும் வழியில் ஆசுபத்திரிக் கிணற்றடியில் மண்டியிட்டுச் சுரண்டியிருக்கிறார்.

"தம்பி! உன்ர மைக்ரோஸ்கோப்பைக் கொஞ்சம் தா. இது காயமுந்திப் பாக்கோணும். காய்ஞ்சால் உள்ளுக்கை இருக்கிற எண்ணெய்த் துளியெல்லாம் போயிடும், பிறகு எந்த இனம் எண்டு பிடிக்கேலாது!"

வாசலில் வெள்ளைக்கார டாக்டரும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த இன்னொரு டாக்டரும் நின்றார்கள். இருவரும் அந்த முழங்கால்களைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வீரசிங்கத்துக்கு உடம்பு கூசியது. அண்ணன் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, இரண்டரை நிமிடம் என்று எழுதிக் கையெழுத்து வைத்து நீட்டினான்.

"குத்தேல்லையோ?"

"உங்கடை ரத்தம் எனக்குத் தெரியாதோ? போங்கோ, கெதியாப் போங்கோ."

பல் பிடுங்கிய இடம் மூன்று நாள் ஓடியது. இரண்டாம் நாள் வீட்டில் வைத்து, யாரும் பார்க்காதபோது, வீரசிங்கம் அண்ணன் காதைக் குத்தினான். இருபது நிமிடம் ஒற்றினான். தாள் முடிந்துவிட்டது, புள்ளி சிறுக்கவில்லை. அந்தத் தாளை அடுப்பில் போட்டான். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கையால் ஆனதைச் செய்தார்கள். மூன்றாம் நாள் தலை வெடிக்கிறது என்றார் அண்ணன், பிறகு பேசவில்லை.

வாசல் படலையடியில் சத்தம் கேட்டது. நாகையா வந்திருந்தான். மடித்த குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றான். அப்பாத்துரையர் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"என்ன துணிவு உனக்கு!"

"பெரியவரே, ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிடறேன்."

"சோதிக்காமல் பிடுங்கிப்போட்டுக் கும்பிட வாறியோ?"

"துண்டு இருக்குதுங்க." நாகையா சட்டைப் பையிலிருந்து எடுத்தான். "ரெண்டரை நிமிசம்னு எழுதியிருந்துச்சு. அதப் பாத்துத்தான் கொறட்ட எடுத்தேன். லாப்ல தப்பு நடக்காதுங்க. எங்கையிலதான் என்னமோ கோளாறு. மூணு நாளா யோசிக்கிறேன், எங்க தப்புப் பண்ணினேன்னு புரியல."

வீரசிங்கம் மேசையிலிருந்து எழுந்தான், எழுந்தவன் அப்படியே நின்றான். தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்பாத்துரையர் துண்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இது உன்ர எழுத்தோ தம்பி?"

"ஓம்."

"அப்ப நீ சோதிச்சனி."

கூடத்து வாசலில் குணேஸ்வரி வந்து நின்றாள். அண்ணன் மனைவி. அழுது அழுது குரல் போயிருந்தது.

"அந்த மனிசனை உள்ளை விடுங்கோ," என்றாள். "சும்மா தம்பியைப் போட்டு என்ன கேள்வி? தம்பி குத்தேல்லை. இவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். 'அவனுக்கு என்னைக் குத்த மனம் வரேல்லையப்பா. நான் சின்னனிலை முள்ளுக் குத்தினாலும் அவன்தான் அழுறவன்' எண்டு. அவ்வளவு பட்சம் தம்பிக்கு இவரிலை."

என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாத்துரையருக்குத் தெரிந்தது, துண்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். நாகையா வீரசிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை. மூன்று நாளாகத் தேடியது கிடைத்துவிட்டதில் அந்த முகம் கொஞ்சம் தளர்ந்ததே தவிர வேறொன்றும் இல்லை.

இப்படியே விட்டுவிடலாம். அண்ணன் மேல் பாசம் கொண்ட தம்பி, ஊசி குத்த மனமில்லாதவன். ஊரும் மன்னித்துவிடும். மன்னிப்பதென்ன, இரக்கப்படும். அண்ணன் செத்தும் தனக்கு ஒரு போர்வை விட்டுப் போயிருக்கிறார் என்று வீரசிங்கத்துக்குத் தோன்றியது. அதை இழுத்துப் போர்த்திக்கொள்ள அவனுக்கு ஆசையாகவும் இருந்தது. அவன் மச்சாளை நிமிர்ந்து பார்த்தான்.

"பட்சத்திலை இல்லை மச்சாள்," என்றான். "வெள்ளைக்காரர் பாத்துச் சிரிச்சவை. அண்ணையை என்ர அண்ணை எண்டு காட்ட எனக்கு வெக்கமாயிருந்தது. ஆளை அனுப்பினால் காணும் எண்டு எழுதிக் குடுத்தனான். குத்தியிருந்தால் நாகையா பல்லிலை கை வைச்சிருக்க மாட்டார்."

ஒப்பாரி எப்போது நின்றதென்று தெரியவில்லை. குணேஸ்வரி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திரும்பி உள்ளே போய், அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

அப்பாத்துரையர் மேசையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். நாகையா உள்ளே போய்க் கால்மாட்டில் விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எடுக்கும் நேரமாகிவிட்டது.

"பிள்ளையில்லாத மனிசன்," என்றார் அப்பாத்துரையர், யாரையும் பார்க்காமல். "கொள்ளிக்குடம் ஆர் தூக்கிறது?"

சிவசம்புவின் ஒன்றுவிட்ட தம்பிமார் இருவர் சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் கூடத்தைப் பார்த்தார்கள்.

"தம்பிதான்," என்றாள் குணேஸ்வரி. "இவருக்கு வேற ஆர் இருக்கினம்?"

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று வீரசிங்கத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சுடலையில் அவனுக்குத் தலை மழித்து, இடது தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றினார்கள். கொள்ளியை மூன்று சுற்றும் முடிந்தபின் தருவதாகச் சொன்னார்கள். விறகின் மேல் அண்ணனை வைத்து முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தது. விறகைச் சுற்றி முதல் சுற்று முடிய, பின்னால் வந்த நாவிதர் கத்திப் பிடியால் குடத்தில் ஒரு தட்டுத் தட்டினார். துளை விழுந்தது. குளிர்ந்த தண்ணீர் தோளில் பட்டு முதுகில் இறங்கியது. இரண்டாம் சுற்றில் அதன் கீழே இன்னொரு துளை.

"நில்லாதையும், நடவும்," என்றார் நாவிதர்.

மூன்றாவது துளையும் விழுந்தது. தண்ணீர் முதுகெலும்பு வழியே ஓடி, வேட்டியை நனைத்து, குதிகாலில் வழிந்து மண்ணில் போய்க்கொண்டிருந்தது. வீரசிங்கம் வலது கையைத் தூக்கித் துளையைப் பொத்தப் பார்த்தான். நாவிதர் அந்தக் கையை மெல்லப் பிடித்துக் கீழே விட்டார்.