மூன்றாவது அவுட்புட்

ஒளிபரப்பு வண்டியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் ‘ரீப்ளே’. மைதானத்தில் கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்ததை மெதுவாக்கித் திரும்பக் காட்டுகிற வேலை அவளுடையது. அதற்கான சர்வர் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ரேக்கில் உட்கார்ந்து நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அதன் சூட்டுக்காகவே வண்டிக்குள் ஏசி பல்லைக் கிட்டவைக்கும். அவள் கோடையிலும் ஸ்வெட்டரோடுதான் வேலைக்கு வருவாள்.

அன்றைக்குப் பெண்கள் கைப்பந்து இறுதிப் போட்டி. ஆட்டம் மத்தியானம்தான். ஆனால் அவள் காலையிலேயே வண்டிக்கு வந்துவிட்டாள். நடுவரின் முடிவில் சந்தேகம் வந்தால் வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று இந்த ஆட்டத்தில்தான் முதல்முறையாக அனுமதித்திருந்தார்கள். அந்தப் படத்தை நடுவருக்கு அனுப்ப வேண்டியவள் அவள். அது போதாதென்று, நீலச்சட்டை அணியில் வலைக்கு நடுவே நின்று தடுக்கப் போகிறவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் பரணிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் யாரும் ஸ்டூலைத் தேடுவதில்லை, நாத்தனாரைத்தான் தேடுவார்கள். அதனால் அவளுக்கு வீட்டில் ‘ஏணி’ என்று பெயர். அந்தப் பெயர் அவளோடு அணிக்கும் போய்விட்டது.

சர்வரில் எட்டு சேனல்கள். ஒவ்வொன்றையும் உள்ளே வருகிற வழியாகவும் வைக்கலாம், வெளியே போகிற வழியாகவும் வைக்கலாம். உள்ளே கேமராப் படம் வந்து பதிவாகும், வெளியே ரீப்ளே போகும். வழக்கமாக ஆறு உள்ளே, இரண்டு வெளியே. வெளியே போகிற இரண்டும் டைரக்டருக்கு. நடுவருக்கென்று மூன்றாவது வழி ஒன்று திறந்தால், ஆறு கேமராக்களில் ஒன்றின் பதிவை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

டைரக்டரை வண்டிக்குள் ‘பட்டாசு’ என்பார்கள். திரி கிள்ளாமலே வெடிப்பவர்.

“நடுவருக்கு எதுக்கும்மா தனியா ஒண்ணு? சந்தேகம்னு வந்தா என் ரெண்டாவதைக் கொஞ்ச நேரம் கொடுத்துட்டுப் போறேன்.”

“நீங்க கொடுப்பீங்க சார். ஆனா அந்த நேரத்துல ஒரு நல்ல படம் தோணிட்டா உடனே அதைக் கேப்பீங்க. நடுவர் பாத்துக்கிட்டு இருக்கறது பாதியில மாறிடும்.”

அது உண்மை என்பது அவருக்கே தெரியும். மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“சரி, அந்த வலைக் கேமராவைத் தூக்கிடு. அதுல என்ன தெரியுது? வலையும் விரலும்.”

“நடுவருக்கு வேண்டியதே அதுதானே சார். உசரத்துலேருந்து காட்டற கிரேன் கேமராவை எடுத்துடலாம்.”

“கிரேனா!” வண்டி ஒரு ஆட்டம் ஆடியது போலிருந்தது. “ஜெயிச்ச நிமிஷம் கூட்டம் மொத்தமா எழுந்து குதிக்கும். அதைத் திரும்ப ஒருதடவை காட்டலேன்னா அப்புறம் நான் எதுக்கு டைரக்டர்?”

“நேரலையில கிரேன் வரும் சார். பதிவாகாது, அவ்வளவுதான். திரும்பப் போட முடியாது.”

பட்டாசு வண்டியின் நீளத்துக்கு இரண்டு நடை நடந்தார். பிறகு விரலை நீட்டி, “குதிச்சதைப் போடுன்னு நான் கத்துவேன். அப்போ என் மூஞ்சியில முழிக்காதே. இன்னொண்ணு, உன் நாத்தனார் ஆடறாளாம். ஓரவஞ்சனை கீரவஞ்சனை பண்ணிடாதே” என்றார்.

“நாத்தனார்னா ஓரவஞ்சனை எந்தப் பக்கம் போகும்னு யாருக்கு சார் தெரியும்?”

வண்டி முழுக்கச் சிரித்தது. பட்டாசும் சிரித்துவிட்டார்.

அவள் சர்வரை நிறுத்தி, அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஐந்து உள்ளே, மூன்று வெளியே என்று மாற்றிச் சேமித்தாள். பெட்டி மூச்சை நிறுத்தி மறுபடி உறுமியது. திரை கறுத்தது. எழும்புமா, முரண்டு பிடிக்குமா என்று அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பெயர்கள் வந்தன. ஐந்து கேமராக்கள். அப்புறம் டைரக்டருக்கான இரண்டு. கடைசியாக அவள் அப்போதுதான் தட்டி வைத்த பெயர்: ‘நடுவர்’.

வெறும் பெயர் வைத்தால் ஆகிவிடுமா? படத்தை மெதுவாக்குகிற கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். மூன்று படங்களும் ஒன்றாகவே மெதுவாயின. டைரக்டருக்காக இழுத்தால் நடுவரின் படமும் கூடவே ஓடும். மூன்றாவதை மற்ற இரண்டிலிருந்து பிரித்து, அதை முன்னும் பின்னும் நகர்த்தத் தனியாக ஒரு திருகுவட்டைக் கொடுத்தாள். நடுவரின் படத்தின் மேல் மட்டும் நேரத்தைக் காட்டும் எண்கள் ஓட வேண்டும். ஒளிபரப்புக்குப் போகிற இரண்டில் ஓர் எண்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. அதையும் சரிசெய்துவிட்டு ஹெட்செட்டில் கூப்பிட்டாள். மைதானத்து ஓரத்தில், நடுவர் திரைக்குப் பக்கத்தில், வயர் இழுக்கிற அண்ணன் நின்றிருந்தார்.

“அண்ணே, படம் வருதா?”

“நல்லா வருதும்மா, கறுப்பா.”

அவளுக்குப் பகீரென்றது. சர்வரில் எல்லாம் சரி. வயரும் சரி. அப்படியென்றால் திரைதான் இந்த சிக்னலை விழுங்க மறுக்கிறது. “அண்ணே, நடுவுல சிக்னலை மாத்தற கன்வெர்ட்டர் பெட்டியை மாட்டிப் பாருங்களேன்.” முனகல், கேபிள் டிரம் உருள்கிற சத்தம், ஏதோ கீழே விழுந்த சத்தம், அப்புறம் திடீரென்று ஒரு கூவல்.

“வந்துடுச்சு! யாரோ தரையைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க, அவங்க கைவளையல் வரைக்கும் தெரியுதும்மா!”

அவள் எழுந்து நின்று கை தட்டினாள். வலைக் கேமராவில் அப்போது ஏணி பயிற்சிக்கு வந்திருந்தாள். பத்து விரல்களிலும் வெள்ளை டேப். எகிறி ஒரு பந்தை அடித்தாள். ரீப்ளேவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்த அடியை மெதுவாக்கி மூன்றாவது வழியில் அனுப்பினாள். மைதானத்தில் நடுவரின் திரையைத் தற்செயலாகப் பார்த்த ஏணி, தானே காற்றில் மிதந்துகொண்டிருப்பதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேமராவைத் தேடிப் பிடித்து அதற்கு ஒரு சலாம் வைத்தாள்.

ஆட்டம் தொடங்கியதும் வண்டிக்குள் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. முதல் செட் நீலத்துக்கு. இரண்டாவதில் சிவப்பு அணி அவர்களைத் துவைத்துக் காயப்போட்டது. மூன்றாவது நீலம், நான்காவது சிவப்பு. “ஒண்ணுல அந்த அடி! ரெண்டுல மூஞ்சி! போடு, போடு, எடு!” பட்டாசின் தொண்டை கட்டிப்போயிருந்தது. ரீப்ளேயின் விரல்கள் பொத்தான்களின் மேல் தாமாக ஓடின. ஸ்வெட்டரை எப்போது கழற்றிப் போட்டாளோ, அவளுக்கே நினைவில்லை. அதுவரைக்கும் எந்த அணியும் வீடியோவைக் கேட்கவில்லை. மூன்றாவது வழி சும்மாவே இருந்தது. “வாடகைக்கு விட்டிருக்கலாம்” என்று பட்டாசு ஒருமுறை குத்திக்கூடக் காட்டினார்.

கடைசி செட்டில் நீலம் பதினான்கு, சிவப்பு பதின்மூன்று. இன்னும் ஒரு புள்ளி. சிவப்பு அணியின் தலைவி எகிறி அடித்தாள். ஏணி எதிரே எகிறினாள். பந்து ஏணியின் கைகளுக்கு மேலே பறந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. கோட்டுநடுவர் கொடியை உயர்த்தினார். வெளியே! அரங்கம் வெடித்தது. நீலச்சட்டைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

சிவப்பு அணியின் தலைவி மட்டும் நடுவரைப் பார்த்து, காற்றில் ஒரு சதுரம் வரைந்தாள். வீடியோ. பந்து தடுப்பில் பட்டுத்தான் வெளியே போனது என்பது அவள் வாதம். விரலில் பட்டிருந்தால் புள்ளி சிவப்புக்கு.

ஹெட்செட்டில் புதிய குரல் ஒன்று வந்தது. மைதான ஓரத்துத் திரைக்கு முன்னால் இருக்கும் வீடியோ நடுவர். அலட்டிக்கொள்ளாத, வறண்ட குரல். “முதல்ல கோடு காட்டுங்க.”

கோட்டுக் கேமராவை அனுப்பினாள். பந்து ஒரு கை அகலத்துக்கு வெளியே விழுவது பளிச்சென்று தெரிந்தது.

“அவுட்! கொடுக்கச் சொல்லும்மா சீக்கிரம்!” பட்டாசு நாற்காலியில் நிலைகொள்ளவில்லை. “கூட்டம் ஆறிப்போகுது!”

“பின்பக்கம் இருக்கா?” என்றது குரல். அனுப்பினாள். பின்னாலிருந்து பார்த்தால் கைக்கும் பந்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று சொல்ல முடியவில்லை.

அதற்குள் அவள் தன் சின்னத் திரையில் வலைக் கேமராவை ஓட்டிப் பார்த்துவிட்டிருந்தாள். ஏணியின் இடதுகைச் சுண்டுவிரல். டேப் சுற்றிய அந்த நுனி, பந்து கடக்கிற ஒரே ஒரு கணம், பின்னால் மடங்கி நிமிர்ந்தது. வண்டியில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. வெளியே பார்வையாளர் வரிசையில் அவள் கணவனும் மாமியாரும் இந்நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். ராத்திரி சாப்பாட்டு மேஜை ஒரு கணம் கண்முன் வந்து போனது.

“வேற கோணம் ஏதாவது இருக்கா? இல்லேன்னா முடிவைச் சொல்லிடறேன்.”

அவள் ஹெட்செட் மைக்கை வாய்க்கு அருகே இழுத்தாள்.

“இருக்கு சார்” என்றாள். “வலை. இதோ அனுப்பறேன்.”

திருகுவட்டை இரண்டு விரலால் பிடித்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். பந்து வந்தது. விரல் மடங்கியது. நிமிர்ந்தது. “பின்னால போங்க” என்றது குரல். போனாள். “முன்னால. மெதுவா. நிறுத்துங்க.” விரல் மடங்கிய இடத்தில் படம் உறைந்து நின்றது.

பட்டாசு எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “அடிப்பாவி” என்றார், மெதுவாக. திட்டா பாராட்டா என்று பிரித்தறிய முடியாத குரல். அடுத்த நொடி, “முடிவு வந்ததும் இதை எனக்கு ஒண்ணுல கொடு! ஜனங்க பாக்கணும்!” என்று பழையபடி வெடித்தார்.

பதினான்குக்குப் பதினான்கு. அரங்கத்திலிருந்து எழுந்த கூச்சல் வண்டியின் தகரச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. ஏணி கையை விரித்துப் பயிற்சியாளரிடம் ஏதோ சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தாள். படலேன்னா படல, என்று அவள் வாய் அசைவு இரண்டாவது கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. ரீப்ளே அந்தத் திரையைப் பார்ப்பதையே தவிர்த்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்பதா, சித்திரவதை என்பதா? பதினைந்து, பதினைந்து. பதினாறு, பதினாறு. ஒரு பந்துக்காக நீலச்சட்டைக்காரி ஒருத்தி விளம்பரப் பலகையையே சாய்த்துக்கொண்டு விழுந்தாள். பதினெட்டு, பதினேழு என்று நீலம் முந்தியபோது வண்டியில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்து நீல அணியின் சர்வீஸ். அத்தனை பேரும் மலை போல எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்க, சிவப்பு அணி திருப்பி அடித்த பந்து சோர்ந்துபோய் வலையில் முட்டி விழுந்தது. அவ்வளவுதான். நீலம் ஜெயித்துவிட்டது.

“கிரேன்! கிரேன்!” என்று பட்டாசு அலறினார். கூட்டம் கடல் மாதிரி எழுந்து குதித்தது. “இதை ஒண்ணுல போடு! திரும்பப் போடு!”

“பதிவாகல சார்.”

பட்டாசுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “அப்போ நேரலையிலேயே விடு! கிரேன்காரன்கிட்ட சொல்லு, இறங்காதேன்னு! இன்னும் குதிக்கறாங்க பாரு!” அந்தப் படத்தை மாற்றவே மனம் வராமல் அவர் நெடுநேரம் அப்படியே ஓடவிட்டார். அவர் கண்ணில் நீர் முட்டியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒளிபரப்பு முடிந்து விளக்குகளைப் போட்டபோது வண்டிக் கதவை யாரோ தட்டினார்கள். ஏணி குனிந்து உள்ளே வந்தாள். கழுத்தில் பதக்கம், முழங்காலில் தோல் உரிந்த இடம், முகமெல்லாம் பல். அவளுக்குப் பின்னால் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு மாமியார்.

“ஏம்மா, அந்த விரலைக் காட்டினது நீதானாமே?” என்று மாமியார் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“ஆமாம் அத்தை.”

“எனக்கு அங்க உசுரே போயி வந்துச்சு. உன் புருஷன் பாப்கார்ன் டப்பாவைக் கசக்கியே எறிஞ்சுட்டான்.”

“அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு” என்றாள் ஏணி. “அண்ணி, எங்க அது? போடுங்க, நான் பாக்கணும். படலேன்னு பயிற்சியாளர்கிட்ட உங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“என் தலையிலயா!”

“வேற யார் தலை கிடைக்கும்?”

ரீப்ளே படத்தை ஓட்டினாள். ஏணி திரைக்கு மூக்கு படுகிற அளவுக்கு நெருங்கினாள். விரல் மடங்கியது.

“அடக் கடவுளே, பட்டிருக்கே!” என்று தன் சுண்டுவிரலைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “டேப் மேல உரசியிருக்கு அண்ணி. எனக்கு ஒண்ணுமே தெரியல.” சொல்லிவிட்டு, அந்த விரலாலேயே அண்ணியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். “சரி, அதை விடுங்க. மூணாவது செட்ல ஒரு அடி அடிச்சேனே, அவங்க ரெண்டு பேர் நடுவுல? அது இருக்கா?”

“எல்லா கோணமும் இருக்கு. எதுல வேணும்?”

“எல்லாத்துலயும்!”

மாமியார் அதற்குள் பட்டாசின் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருந்தார். கேபிள் சுருட்டச் சொல்ல வந்த பட்டாசு, தன் நாற்காலியைப் பார்த்தார், அதில் இருப்பவரைப் பார்த்தார், பிறகு கதவோரமாகப் போய் நின்றார். திரையில் ஏணி மறுபடி தரையைவிட்டு எழும்பி, காற்றில் நின்று, கையை வீசினாள்.

“எப்படிக் குதிக்கறா பாருங்க” என்று மாமியார் பட்டாசிடம் சொன்னார், ஏதோ அவர் அதைப் பார்த்ததே இல்லை என்பதுபோல. பிறகு மருமகள் பக்கம் திரும்பி, “இன்னொரு தடவை போடும்மா. இன்னும் மெதுவா” என்றார்.