ஐந்து விரல் உயரமான சைக்கிள்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பழைய ரேஸ் சைக்கிளை வாங்கப் போன இடத்தில், விற்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கொஞ்சம் உயரமா இருக்குமே" என்றார். "இறக்கிக்கலாம்" என்றேன். அங்கேயே இறக்கிப் பார்த்துவிட்டு வாங்கியிருக்கலாம். அவர் எதிரில் சீட்டை இறக்கினால் எவ்வளவு இறக்குகிறேன் என்று தெரிந்துபோகுமே என்று, அப்படியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

மீதியெல்லாம் அந்த வீம்பின் பலன்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அவன் உயரமானவன். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் தெருவே

[இதற்கு மேல் ஓடவில்லை. தெருவே என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை.]

என் கதைகளை வாசித்தவர்களுக்கு (பதினொரு பேராவது இருப்பீர்கள்) ஒன்று தெரிந்திருக்கலாம். அவற்றில் கணவன் எப்போதும் மனைவியைவிட உயரம். வீட்டில் நிலைமை வேறு. என் மனைவி என்னைவிட நான்கு விரல் உயரம். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நாங்கள் பேசாத விஷயம் உலகத்தில் இல்லை, இது ஒன்றைத் தவிர. அலமாரியின் மேல்தட்டில் இருப்பதை அவள் எடுக்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். நான் வேறு பக்கம் பார்ப்பதை அவள் கவனிக்காத மாதிரி இருப்பாள்.

3

சைக்கிள் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரப் பாதையில் போய் வருவாள். என்னையும் கூப்பிட்டுப் பார்த்தாள். நான் "அடுத்த வாரம்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. கிளம்பும்போது என் தூக்கம் கெடக் கூடாதென்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போவாள். அந்த மெதுவான சாத்தல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பி நின்று "போலாமா" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கையிருப்பு குறைவு. ஒரு நல்ல ஜோடிச் செருப்பின் விலைக்கு மேல் இதில் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். மூன்று முறை கறுப்பாக வடிந்து நான்காவது முறை வெள்ளி தெரிந்தது. பிரேக் கட்டைகளை சைக்கிள் கடையில் கழித்துப் போட்டிருந்த டப்பாவிலிருந்து பொறுக்கினேன். ஹேண்டில்பாரில் சுற்றும் நாடாவைக் கிழிந்த திரைச்சீலையிலிருந்து வெட்டித் தைத்தேன். பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க மட்டும் கடைக்காரரிடம் போனேன். இந்தப் பக்கக் கம்பியை இறுக்கி அந்தப் பக்கக் கம்பியைத் தளர்த்தி, தள்ளாடிய சக்கரத்தை அவர் நேராக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது. [இந்தப் பத்தி முதலில் ஆறு பக்கம் இருந்தது. உங்கள் நலன் கருதி வெட்டிவிட்டேன்.]

4

சீட்டு இறங்கவில்லை.

திருகாணியைக் கழற்றியாயிற்று. எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்தாயிற்று. சீட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கியதில் சைக்கிளும் நானும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினோம். மறுபடியும் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

கடைக்காரரை எங்கள் தெருவில் 'பொறுங்க' என்றுதான் சொல்வோம். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அதுதான். [இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள் என்று ஒரு வரைவில் அடாவடிக்காரராக மாற்றினேன். அதில் அவர் என்னை ஏமாற்றிவிட்டுக் கதையைவிட்டே போய்விட்டார். கெஞ்சித் திரும்பக் கூட்டி வந்தேன்.]

"பொறுங்க," என்றார். சீட்டைத் தாங்கும் தண்டை விரலால் தட்டிப் பார்த்தார். "தண்டு அலுமினியம். அது சொருகியிருக்கிற குழாய் இரும்பு. கிரீஸ் போடாம பல வருஷம் சேர்ந்தே கெடந்திருக்கு. ஒட்டிக்கிச்சு."

(இந்த இடத்தில் தாம்பத்தியத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். நீங்களும் அதை நினைக்காமல் இருந்தால் பெரிய உபகாரம்.)

"வரவே வராதாண்ணே?"

"அறுத்துத்தான் எடுக்கணும் சார். அறுக்கிறப்ப குழாய்ல பட்டுச்சுன்னா சைக்கிளே போச்சு. செலவும் நீங்க வாங்கின விலையைத் தாண்டிடும். எதுக்கு? வீட்ல உயரமானவங்க யாராவது இருந்தா ஓட்டச் சொல்லுங்க."

மனுஷர் வெகுளியாகத்தான் சொன்னார். நான் வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

5

அன்று மாலை இந்தக் கதையின் இரண்டாவது வரைவை எழுதினேன். அதில் தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. கணவன் ஏறி உட்கார்ந்தான், பாதம் மிதியில் பதிந்தது, இருவரும் கிளம்பினார்கள், சூரியன்

என் மனைவிதான் என் முதல் வாசகி. கையில் பென்சிலோடு வாசிப்பாள். சூரியன் வரை வந்து நிறுத்தினாள்.

"சீட்டு எறங்கிடுச்சா?"

"கதையில எறங்கிடுச்சு."

"வெளிய நிக்குதே, அதுல?"

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். சுவரில் ஒரு கையை ஊன்றிச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, மிதியைக் கீழே தள்ளினாள். கால் வேண்டிய அளவு நீண்டு, முட்டி லேசாக மடங்கியிருந்தது. அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

அவள் சிரித்திருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். சிரிக்கவில்லை.

"எனக்குச் சரியா இருக்குங்க," என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.

அந்தக் குரல்தான் என்னை உலுக்கியது. தட்டையான செருப்பு, போட்டோ எடுக்கும்போது ஒரு படி இறங்கி நிற்பது, என்னோடு நடக்கும்போது தோளைக் குறுக்கிக்கொள்வது. எல்லாம் அவள் சுபாவம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீ என்னைவிட நாலு விரல் உயரம்," என்றேன். சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

"அஞ்சு," என்றாள். "அளந்து பாத்திருக்கேன்."

[தலைப்பைத் திருத்திவிட்டேன். இரண்டாம் பகுதியில் நான்கு என்று இருப்பது அப்படியே இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அதுவும் சாட்சி.]

"அப்ப இதை நீ ஓட்டு," என்றேன். "நான் உன்னோடதை எடுத்துக்கிறேன்."

"அதுல சீட்டு நல்லாவே எறங்கும்," என்றாள். இப்போது சிரித்தாள். நானும்.

6

முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில், கணவன் வீம்புக்குத் தண்டை அறுக்கப்போய்ச் சைக்கிளைப் பாழாக்குகிறான். விமர்சகர்களுக்கு இது பிடிக்கும். இன்னொன்றில் இருவரும் ஆற்றோரப் பாதையில் போகிறார்கள். அவள் முன்னால், அவன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். ஒரு திருப்பத்தில் அவள் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்க்கிறாள், அப்புறம்

இதை எழுதிக்கொண்டிருப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில். போலாமா என்று நான் கேட்டாயிற்று. வாசலில் ரேஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். "வந்து எழுதிக்கலாம், வாங்க," என்கிறாள்.

வந்து எழுதலாம்தான். ஆனால் வந்து உட்கார்ந்தால் எதையாவது கூட்டிக் குறைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எங்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். மழையில் நனையவிடுங்கள், பஞ்சர்கூட ஆகட்டும். அவள் உயரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.