தேங்காய்த் தண்ணீரில் வளர்ந்த பொடி

ஆயர் ஈத்தாம் பாசாரில் தேங்காய் துருவி விற்கும் தனலெட்சுமி, உடைத்த காய்களின் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தங்கை மோகனா வேலைக்குப் போகிற வழியில் காரை ஓரங்கட்டி அதை வாங்கிப் போவாள். அவள் வேலைபார்த்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அந்தத் தண்ணீரை வடிகட்டி, நீராவியில் அவித்து, ஆறியதும் அதில் ஒருவகைக் காளானை வளர்த்தார்கள். காளான் வளர வளரத் தண்ணீர் கஞ்சியாகக் கொழகொழக்கும். காளானை வடித்தெடுத்துவிட்டு ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளையாய்த் திரண்டு வரும். அதைக் காயவைத்துப் பொடித்தால் உணவைக் கெட்டியாக்க, முகக் களிம்பு செய்ய ஆகும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா என்று எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டாம் என்று மோகனா பிற்பாடு நினைத்தாள்.

தீபாவளி கழிந்து தனலெட்சுமிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியோதெரபிக்குக் கொஞ்ச நாள் போனாள். எச்சில் விழுங்கினாலே எரிகிறது என்று நின்றுவிட்டாள்.

"அந்தப் பவுடர கொஞ்சம் கொண்டாயேன், மோனா," என்றாள் ஒரு காலை, தேங்காயைப் பிளந்தபடி.

"அது மருந்தில்லக்கா. இன்னும் எலிக்குத்தான் குடுக்குறோம். நீ ஆஸ்பத்திரிக்கு வா லா, நான் லீவு போட்டுக் கூடவே இருக்கேன்."

"என் கடைத் தண்ணியில வளந்ததுதானே. எலிக்குக் குடுப்ப, எனக்குக் குடுக்க மாட்ட."

ஒரு கரண்டி எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கொடுத்துவிட்டால் அக்கா அதையே நம்பிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். மோகனா கொடுக்கவில்லை. அப்படியும் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தண்ணீரை மட்டும் வழக்கம்போல் மூடி வைத்திருந்தாள். பேச்சுதான் நின்றுபோயிற்று. மோகனாவும் தண்ணீர் நிறைந்த தோம்பைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனாள். வீம்பாக இருக்கிறாள், தானாக இறங்கி வருவாள் என்று எண்ணியிருந்தாள்.

அக்காவுக்கு மூச்சுத் திணறியபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனி வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். தண்ணீர் குடித்தால் அக்காவுக்குப் புரையேறியது.

வார்டு நர்ஸ், மிசி ரோஹானா, ஒரு டின்னைத் திறந்து, வெள்ளைப் பொடியைக் கோப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் கெட்டிப்பட்டது. இப்படி இருந்தால்தான் விழுங்க முடியும் என்று மலாயில் சொல்லி, கரண்டியை மோகனா கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

தனலெட்சுமி கோப்பையைப் பார்த்தாள். பிறகு, மாதக்கணக்கில் நேராகப் பார்க்காத தங்கையின் முகத்தைப் பார்த்தாள். குரல் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"கொண்டாந்துட்டியா?"

அது கடையில் விற்கிற டின். பெயர்கூடப் பெரிதாய் அச்சிட்டிருந்தது. இல்லை என்ற சொல் மோகனாவின் வாய்வரை வந்தது.

"ம்," என்றாள்.

கரண்டியைச் சாய்த்தாள். தண்ணீர் சொட்டாமல், விழவும் மனமில்லாததுபோல் நீண்டு தொங்கியது. அதன் கீழே அக்கா வாயைத் திறந்து காத்திருந்தாள்.