எழுத்து மஸ்கட்

தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு இறங்குவது தாஸிம் ஹாஜியாரின் மஸ்கட் அல்வா வாசம் பிடித்துத்தான் என்று பதுளை பசாரில் அடித்துச் சொல்வார்கள். மற்றக் கடை மஸ்கட்டெல்லாம் மொட்டை. தாஸிமின் மஸ்கட்டில் மட்டும் எழுத்துப் புடைத்து நிற்கும். அவர் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஆறவைக்கும் வெள்ளைப் பளிங்குக் கல்லில் ஏதோ வெட்டியிருந்தது. மஸ்கட்டைக் கவிழ்த்தால் அது இடம்வலம் மாறிப் பதிந்து வரும். பெருநாளைக்கு வெலிமடைக்காரர்கள் லீக்ஸ் மரக்கறி லொறியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, "எழுத்து மஸ்கட்!" என்று கூவுவார்கள்.

என்ன எழுத்தென்று யாரும் கேட்டதில்லை. ஏதோ ஒரு தோட்டத்தில் பழைய கட்டடங்களை இடித்துத் தேயிலை நட்டபோது வாப்பா வண்டியில் ஏற்றி வந்த கல். அதற்குமேல் கேட்காமலிருப்பது தாஸிமுக்கும் வசதியாக இருந்தது.

அறுபத்தேழில் அவர் நகரசபை உறுப்பினர். ஜெர்மனியிலிருந்து எல்ஸா என்றொரு அம்மா தன் பூட்டனின் கல்லறையைத் தேடி வருவதாகத் தகவல் வந்தது. சபையில் வரவேற்பு, பேச்சு தாஸிமுடையது. பக்கத்துப் புடவைக்கடை ஜெயராசா, அந்தப் பூட்டன் துரையின் கதையைத் திரட்டிக் கொடுத்தார்.

"வெண்டோர்ஃப் துரை, காப்பிக் காலத்து ஆள், நானா. ஹாலிஎலவுக்கு மேல மூணு மலை வாங்கினாரு. ஊர்ச்சபையில ஏறி, சந்தைக்குத் தண்ணி வேணும்னு கத்திக் கத்தியே தொண்டை போச்சு. சபை மாட்டேன்னுச்சு. மனுசன் சொந்தக் காசுல மலையில இருந்து தண்ணிப் பீலி இறக்கினாரு! காப்பிய நோய் தின்னுச்சு, அவரைக் காய்ச்சல் தின்னுச்சு. நீங்க பாகு காய்ச்சுறது இன்னைக்கும் அந்தத் தண்ணியிலதான்."

பிறகு வரவேற்புத் துணியில் பெயரை ஆங்கிலத்தில் எழுதி விரித்தார். தாஸிமுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் முதலில் அந்த இரட்டைக் கொம்பும், கடைசியில் இரண்டு கைத்தடியும்... லட்சம் மஸ்கட்டில் பார்த்தவை, திசை மாறி நின்றன. கடைக்கு ஓடிக் கல்லின் நெய்யைச் சுரண்டினார். அதே பெயர்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தவரின் கல்லறைக் கல்லில் முப்பது வருஷமாக நெய் ஊற்றியிருக்கிறார்!

"நாளைக்கு மஸ்கட்டத் தட்டுல ஊத்து, புள்ள" என்றார் மனைவி ஸகீனாவிடம்.

"என்னத்துக்கு?"

"சொன்னதச் செய்."

காரணம் சொல்ல வெட்கம் விடவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மண்டபம் நிறைந்து, ஜன்னலிலும் ஆள் தொங்கியது. "துரையவர்களின் கல்லறையைக் கண்டுபிடிக்க முடியாமல் மனம் வருந்துகிறோம்" என்று எழுதி வைத்த வரியைத் தாஸிம் வாசித்தபோது காது இரண்டும் அடுப்பாய் எரிந்தது. கைதட்டல். தேநீர் வந்தது. பின்னாலேயே பெரிய தாம்பாளத்தில் மஸ்கட் வந்தது. துண்டுகூடப் போடாமல், முழுசாக, எழுத்தோடு.

வெள்ளைக்காரி வரும் நாளில் மொட்டை மஸ்கட் கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்று ஸகீனா கல்லிலேயே ஊற்றிவிட்டிருந்தாள்.

எல்ஸா குனிந்து பார்த்தாள். கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவின் சின்னக் கண்ணாடியை எடுத்து மஸ்கட்டின் ஓரத்தில் பிடித்தாள். கண்ணாடியில் எழுத்து நேராகத் திரும்பியது. உதடு அசைய வாசித்தாள். பிறகு ஜெயராசாவிடம் ஏதோ கேட்டாள்.

"நானா," ஜெயராசா மொழிபெயர்த்தார், "இதுக்கு அச்சு எங்க இருக்குன்னு கேக்குறாங்க."

கொழும்பில் செய்வித்தது என்ற பொய் தாஸிமின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கால் முந்திக்கொண்டது. எழுந்து நடந்தார். எல்ஸா பின்னால், அவள் பின்னால் சபை, சபை பின்னால் பதுளையே.

கடையில் ஸகீனா கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ருசி எப்படியாம்?" என்றாள், வாயெல்லாம் பல்லாக.

எல்ஸா மண்டியிட்டாள். ஒவ்வோர் எழுத்தாக விரல் விட்டுத் தடவினாள். விரலெல்லாம் நெய். பிறகு மெல்ல ஏதோ சொன்னாள்.

"ஜெர்மனியில அவங்க குடும்பத்துக் கல்லறைக் கல்லெல்லாம் பாசி ஏறிக் கிடக்காம். இத மட்டும் நீங்க பளபளன்னு வச்சிருக்கீங்களாம். நன்றி சொல்றாங்க, நானா."

அவள் அறைந்திருந்தால் தாஸிம் தாங்கியிருப்பார்.

அன்று மாலையே அவர் வேட்டியை மடித்துக் கட்டி, நாலு பேரோடு தானும் தோள் கொடுத்துக் கல்லைச் சுமந்துபோய்ப் பீலிக்குப் பக்கத்தில் நட்டார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்களெல்லாம் கல்லைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த பெருநாளைக்கு லீக்ஸ் லொறி வந்து நின்றது. வெலிமடைக்காரர் மொட்டை மஸ்கட்டில் ஒரு துண்டைக் கடித்து, முகத்தைச் சுளித்தார்.

"ருசி கொறஞ்சிட்டே, ஹாஜியார். துரைய எங்க?"

தாஸிம் தலையைக் குனிந்து, ஏற்கனவே துடைத்திருந்த தட்டை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.