முன்காலா, பின்காலா

எனக்கு வனக்காப்பாளர் வேலை கிடைத்தது ஒரே ஒரு மதிப்பெண்ணில். அந்த மதிப்பெண்ணை வாங்கிக் கொடுத்தவர் ஜனக்லால் துர்வே. அவர் வாங்கியது தனக்காக. வந்து சேர்ந்தது எனக்கு. மத்தியப் பிரதேசத்தில், மண்டலா பக்கம் எல்லாருக்கும் இதில் பாதி தெரியும். மீதியை நான் இப்போது சொல்கிறேன்.

ஜனக்லால் அண்ணன் எங்கள் ஊர்க்காரர். எங்களைப் போலவே கோண்டுப் பழங்குடி. காட்டுக்குள் இருக்கும் ரோந்து முகாமில் பதினாறு வருடமாகத் தினக்கூலி. சீருடை என்று ஒரு பழைய காக்கிச் சட்டை உண்டு, அதுவும் மாற்றலாகிப் போன காப்பாளர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. காலையில் எழுந்து நடப்பார். புலி போன தடம் இருந்தால் அதன் மேல் கண்ணாடித் தகடு வைத்து வரைவார், பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார், ஆணா பெண்ணா, எந்தப் புலி, எப்போது போனது என்று சொல்வார். அவர் சொன்னதைக் காப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பதினாறு வருடத்தில் ஏழு காப்பாளர்கள் அவரிடம் வேலை கற்றுக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஜபல்பூரில் ஒரு மொட்டைமாடி அறையில் ஆறு வருடமாகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பட்வாரி என்கிற கிராமக் கணக்கர், காவலர், ஆசிரியர், வனம், எது வந்தாலும் விண்ணப்பம் போடுவது. ஒரு பரீட்சை தள்ளிப்போகும், ஒன்று ரத்தாகும், ஒன்று வழக்கில் நிற்கும். ஊரிலிருந்து அரிசியும் அப்பாவின் பெருமூச்சும் மாதாமாதம் வரும்.

அந்த வருடம் வனக்காப்பாளர் அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் துறையில் தினக்கூலியாக இருந்தவர்களுக்கு வயதில் சலுகை, இந்த ஒரு முறை மட்டும். அண்ணனுக்கு அப்போது நாற்பத்தொன்று. திறந்தநிலைப் பள்ளியில் எப்படியோ பத்தாவது முடித்து வைத்திருந்தார். ரேஞ்சர் அவரைக் கூப்பிட்டு, எழுது ஜனக், உன்னைவிடத் தகுதியானவன் யார் என்று தோளில் தட்டினாராம். அடுத்த வாரமே ஒரு பையில் வரகரிசியும் மஹுவா என்கிற காய்ந்த இலுப்பைப் பூவும் கட்டிக்கொண்டு என் அறைக்கு வந்து நின்றார்.

இரண்டு மாதம் என்னோடு இருந்தார். கணினியில் பரீட்சை என்பதால் மவுஸ் பிடிக்கப் பழக்க வேண்டியிருந்தது. அதை எலி பிடிப்பது போலவே பிடித்தார். அறையில் கூட இருந்த பையன்கள், “அண்ணே, மெதுவா, செத்துடப் போகுது” என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். சதவீதக் கணக்கு அவருக்கு வரவே இல்லை. ஆனால் அதிகாலையில் எழுந்து ஒரே கணக்கை நாற்பது தடவை போடுவார். காடு, விலங்கு பற்றிய பகுதியில் மட்டும் அவரிடம் நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

அதில்தான் ஒரு நாள் சண்டை வந்தது. நாங்கள் எல்லோரும் வைத்திருந்த நீல அட்டைக் கைடில், புலியின் காலடிகளில் பெரியது பின்கால் என்று போட்டிருந்தது. அண்ணன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

“தப்பு. முன்கால்தான் பெருசு.”

“அண்ணே, கைடு போடறவங்க எல்லாம் படிச்சவங்க.”

“புலியப் பாத்தவங்களா?”

“பரீட்சைல புலி வராதுண்ணே. கைடுதான் வரும். பின்கால்னே போடுங்க.”

அவர் தரையில் கையை ஊன்றி, விரல்களைப் பரப்பி, பிறகு கொஞ்சம் சுருக்கி, முன்கால் இது, பின்கால் இது என்று எனக்குக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நான்கு விடைகள்: முன்கால், பின்கால், இரண்டும் சமம், சொல்ல முடியாது. அண்ணன் முன்கால் என்று போட்டார். நான் அவரையும் முழுதாக நம்பவில்லை, கைடையும் முழுதாக நம்பவில்லை. இரண்டும் சமம் என்று போட்டேன். என் குணம் அப்படி.

பத்து நாளில் விடைக்குறிப்பு வெளியானது. சரியான விடை: பின்கால். கூட்டிப் பார்த்தோம். அவருக்கு எழுபத்தொன்று, எனக்கும் எழுபத்தொன்று. போன முறை எங்கள் பழங்குடிப் பட்டியலில் கடைசியாக உள்ளே போனவன் எடுத்தது எழுபத்திரண்டு.

விடைக்குறிப்பு தவறு என்றால் ஐந்து நாளுக்குள் ஆட்சேபம் போடலாம். அங்கீகாரம் பெற்ற புத்தகத்தின் பக்கத்தை இணைக்க வேண்டும். பதினாறு வருடம் பார்த்தேன் என்பது செல்லாது. அண்ணன் அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போனார். ரேஞ்ச் அலுவலக அலமாரியில் பயிற்சிக் கையேடு ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். மழை ஒழுகும்போது அதைத் துடைத்து வைத்தவரே அவர்தான். ரேஞ்சர் சாவி தரத் தயங்கினாராம். துறையில் இருந்துகொண்டே தேர்வு வாரியத்தை எதிர்த்தால் தனக்குக் கேள்வி வரும் என்றாராம். அண்ணன் இரண்டு நாள் அந்த அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ரேஞ்சர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

படம் பிடித்த பக்கத்தோடு அண்ணன் திரும்பி வந்தார். முன்கால் தடம் பின்கால் தடத்தைவிடப் பெரியது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. என் போனிலிருந்து நான்தான் அனுப்பி வைத்தேன். கடைசி நாள், கடைசி மணி நேரம்.

ஒன்றரை மாதம் கழித்து இறுதி விடைக்குறிப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு எதிரே, கேள்வி நீக்கப்பட்டது, அனைவருக்கும் ஒரு மதிப்பெண் என்று போட்டிருந்தார்கள். தவறு எங்களுடையது என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் எழுபத்திரண்டு ஆனார். ஒன்றும் தெரியாமல் இரண்டும் சமம் என்று போட்ட நானும் எழுபத்திரண்டு ஆனேன்.

அண்ணன் அப்போது முகாமுக்குத் திரும்பியிருந்தார். குன்று மேல் ஏறி நின்று எனக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“தம்பி, நான் சரின்னு ஒத்துக்கிட்டாங்களா இல்லையா?”

“ஒத்துக்கிட்ட மாதிரிதான்ணே.”

“அப்ப தப்பாப் போட்டவனுக்கு எதுக்கு மார்க்கு?”

கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. இந்த முடிவு பற்றி மூன்று நாளுக்குள் மறுமனு கொடுக்கலாம். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேள்வியை நீக்காதீர்கள், விடையைத் திருத்துங்கள், சரியாகப் போட்டவனுக்கு மட்டும் கொடுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நல்ல மனு. அவர் கணக்கு எனக்கும் புரிந்தது. அந்த மனு ஜெயித்தால் அவர் எழுபத்திரண்டிலேயே நிற்பார், நான் எழுபத்தொன்றுக்கு இறங்குவேன். தோற்றால் இருவரும் சமம். சமமாக இருந்தால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதில் நான் அவரைவிட வெகுதூரம் மேலே.

மூன்று நாளும் அந்த மனு என் போனில் இருந்தது. முதல் நாள் நெட் சரியில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் அப்பா போன் செய்து, தங்கை கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள், உங்கள் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டதாகச் சொன்னார். மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டு அனுப்பிவிட்டாயா என்று கேட்டார். அனுப்பிவிட்டேன் என்றேன்.

பட்டியல் வந்தது. தேறுவதற்கான கோடு விழுந்தது எழுபத்திரண்டில்தான். அந்த மதிப்பெண்ணில் ஐந்து பேர், இடம் இரண்டு பேருக்கு. என் பெயர் இரண்டாவது, அவர் பெயர் ஐந்தாவது.

எழுத்தில் தேறியவர்கள் நடைத் தேர்வில் தேற வேண்டும். நாலு மணி நேரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம். யாரும் தொடக்கூடாது, தாங்கக்கூடாது. அண்ணனுக்கு அது வாரத்தில் மூன்று நாள் செய்கிற வேலை. நான் ஆறு வருடம் தரையில் உட்கார்ந்தே இருந்தவன். மூன்று வாரம் ஓடிப் பழகினேன், கால் இரண்டும் கட்டை மாதிரி ஆனதுதான் மிச்சம்.

தேர்வு நாளன்று வழி நெடுகத் தண்ணீர் கொடுக்கத் தினக்கூலிகளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஒரு பெஞ்சு, இரண்டு குடம், அடுக்கிய டம்ளர்கள். பின்னால் ஜனக்லால் அண்ணன்.

அந்தப் பெஞ்சுக்குப் பத்தடி முன்னால் என் வலது கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. அப்படியே தார்ச்சாலையில் உட்கார்ந்தேன். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த கண்காணிப்பாளர் ஒருவர் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் டம்ளரை எடுத்து வந்து என் கைக்கு எட்டுகிற தூரத்தில் சாலையில் வைத்தார். என்னைத் தொடாமல் எதிரே குந்தினார்.

“பெருவிரல உன் பக்கமா இழு. இன்னும் இழு.”

“முடியலண்ணே. விட்டுடறேன்.”

அவர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மொத தடவை நீ அனுப்பினப்ப என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு, மனு கெடச்சுதுன்னு. ரெண்டாவது தடவை வரல. நாலு நாள் குன்று மேல ஏறி ஏறிப் பாத்தேன். வரல.”

எனக்கு வலி மறந்துபோனது. வாயைத் திறந்தேன்.

“பேசாத. மூச்சு வேணும் உனக்கு. எந்திரி.”

“அண்ணே...”

“எந்திரிடா. நான் ஏமாந்தது வீணாப் போகக் கூடாது. எந்திரிச்சு நட.”

எழுந்தேன். மீதி ஆறு கிலோமீட்டரை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. நாலு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். அங்கே எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள், நானும் அழுதேன். நல்லவேளையாக யாரும் காரணம் கேட்கவில்லை.

பயிற்சி முடிந்து என்னை எங்கள் ரேஞ்சிலேயே போட்டார்கள். அண்ணன் இருந்த முகாம் என் பொறுப்பில் வந்தது. முதல் நாள் அவர் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். வேண்டாம் அண்ணே என்றேன். விதி அப்படித்தான் சார் என்றார். அதன்பிறகு தம்பி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் கேட்டதெல்லாம் சொல்லிக் கொடுத்தார், கேட்காததைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி, இத்வாரின் என்கிற அண்ணி, முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“உன் அண்ணன் நடுவுல ஊருக்கு வந்தப்பல்லாம் ராத்திரி முழுக்க அந்த கைடப் படிச்சாரு, கமோத். எனக்குத்தான் சிரிப்பா வந்துச்சு. பாவி, நானும் கூட உக்காந்து கேள்வி கேட்டேன். இந்தியாவுல எத்தனை மாநிலம், நீளமான ஆறு எதுன்னு. எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப அத வச்சு நான் என்ன பண்ண?”

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பாரம் தாங்காமல் ஒரு நாள் ரேஞ்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன எழுதிக் குடுக்கப் போற? மனு அனுப்பாம விட்டது குத்தம்னு எந்த விதில இருக்கு? அனுப்பியிருந்தாலும் அவங்க தூக்கிப் போட்டிருப்பாங்க.”

“இருக்கலாம் சார். ஆனா நான் அனுப்பல.”

“நீ ராஜினாமா பண்ணினா அந்த எடம் அவனுக்குப் போகுமா? போகாது. பட்டியல் காலாவதி ஆயாச்சு. அவனுக்கு வயசும் தாண்டியாச்சு. வேலையப் பாரு. காட்டுத்தீ பரவாம தீக்கோடு வெட்டற கணக்கு இன்னும் வரல.”

போய் வேலையைப் பார்த்தேன். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு உண்மையில் இருந்ததா என்று இன்று யோசித்தால், இல்லை என்றுதான் தோன்றுகிறது. போகாது என்று அவர் சொன்னதும் மனதுக்குள் ஏதோ ஒன்று லேசானது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் ஜனக்லால் அண்ணன் முகாமுக்கு வருவதை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து முகாம் கட்டிலில் வைத்திருந்தார். நாக்பூர் பக்கம் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவருடைய புது எண்ணைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் என் தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமானது. அப்பா ஊருக்கே சாப்பாடு போட்டார். நாக்பூரில் ஜனக்லாலுக்கும் சொல்லி அனுப்பினாயா என்று அவரே கேட்டார், நடந்தது அவருக்கு ஒன்றும் தெரியாது. அனுப்பினேன் என்றேன். அது பொய். நாக்பூருக்கு யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, எத்தனை கஷ்டப்பட்டு வாங்கின வேலை என்று என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் இன்னொரு பூரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.